திருநாவுக்கரசு சார் வந்தா

அப்பா,

ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் மொதல்ல சாப்பிடுங்க. மீன் கொழம்பு அடுப்பு மேல இருக்கு. நான் இன்டர்வியூவுக்குச் சென்னைக்குக் கெளம்பிட்டேன்.

சிதம்பரத்துலேருந்து ஆடிட்டர் திருநாவுக்கரசு சார் இன்னிக்கு வருவாரு. "பிரிசில்லா உங்க ஆபீஸ்ல சேரல"ன்னு நீங்களே சொல்லிடுங்க. என்னைக் கேக்காம வாக்குக் குடுத்தது நீங்கதான?

சார் மேல எனக்குக் கோவம் இல்ல. அவருகிட்ட ட்ரெய்னிங் எடுத்த மூணு வருஷமும் ஜவுளிக்கடை, அரிசி மில்லு தவிர வேற கணக்கே பாக்கல. சி.ஏ. பாஸ் பண்ணியும் அதே நாற்காலியிலதான் உக்காரணுமா?

"சென்னைக்குப் போறதா இருந்தா என் இனிஷியலப் போட்டுக்காத"ன்னு நேத்து ஷிப்டுக்குப் போறப்ப வாசல்ல நின்னு கத்தினீங்க. தெருவே கேட்டுச்சு. என் சர்டிபிகேட் எல்லாத்துலயும் அந்த 'ஆ' இருக்கு. ஆரோக்கியராஜ் பொண்ணுன்னு சொல்லித்தான் அங்கயும் போயி நிக்கப் போறேன்.

ஆ. பிரிசில்லா

மறந்துட்டேன், பி.பி. மாத்திரை மாதா படத்துக்குக் கீழ இருக்கு. கோவத்துல போடாம விட்டுடாதீங்க.

அப்பாவுக்கு எழுதுற சீட்டுல எவளாவது இனிஷியல் போடுவாளா? நான் போட்டிருக்கேன். நல்லா பாத்துக்குங்க.