காருக்கு அடியில் அப்பா

அன்பு மகள் சிவானிக்கு,

ஒனிஹங்காவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அபர்டீன் குளிரில் நீயும் மருமகனும் நோய்நொடியில்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். போனில் கதைக்கும்போது அப்பா பக்கத்திலேயே இருப்பதால் இதைச் சொல்ல வசதிப்படவில்லை, அதுதான் எழுதுகிறேன். நம்முடைய கார் போன மாதம் நடந்த வாகனத் தகுதிச் சோதனையில் தேறவில்லை. என்ஜினுக்கு அடியில் இருக்கிற ஒயில் தட்டின் விளிம்பை அடைக்கிற காஸ்கட் பழுதாகி ஒயில் ஒழுகுகிறதாம். விடியப்புறம் ஏர்போர்ட் சமையலறை வேலைக்குப் போக எனக்கு பஸ் இல்லை, கார் ஓடாவிட்டால் வேலையும் இல்லை. கராஜில் விடுவோம் என்றேன். அப்பா, "உது நானே மாத்துவன்" என்று நின்றார். ஞாயிறு இரண்டு பேருமாகச் செய்வோம் என்று பேசி முடித்தோம்.

வெள்ளிக்கிழமை, கூட வேலை செய்கிற கிருசாந்தி என்னை வேலையால் கூட்டிவந்து வாசலில் இறக்கிவிட்டாள். காருக்கு வெளியே அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. காரை ஜாக் ஒன்றில் மட்டும் தூக்கி வைத்திருந்தார், தாங்கிப் பிடிக்க முண்டு ஒன்றும் கொடுக்கவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. கத்தினேன், கால் அசையவே இல்லை. ஓடிப்போய்க் காலைப் பிடித்து உலுப்பினேன். ஆள் மெதுவாக வெளியே வந்து, "என்னப்பா, ஏன் அழுறீர்?" என்று கேட்டார். ஒயில் பட்டுவிடும் என்று காது மெஷினைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறார். அதை மாட்டவைத்து, புல்லில் இருந்தபடி நன்றாக ஏசினேன். ஞாயிறு வரும் மட்டும் பொறுக்க ஏலாதோ என்று கேட்டேன். "நீர் வேலையால களைச்சு வாறனீர், அதுக்குள்ள முடிச்சு வைப்பம் எண்டு நினைச்சன்" என்றார்.

பக்கத்து வீட்டுக் குமாரசாமி அண்ணையிடம் இரும்பு முண்டுகள் வாங்கி வைத்து, ஞாயிறு நான்தான் அடியில் படுத்தேன். அப்பா பக்கத்தில் குந்தியிருந்து சொல்லச் சொல்ல ஒயிலை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றி மாஜரின் டப்பாவில் போட்டேன். தட்டு இலேசில் கழலவில்லை. ரப்பர்ச் சுத்தியலால் தட்டத்தான் விட்டது, மிச்ச ஒயில் முழுக்க என் சட்டையில். பழைய காஸ்கட் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது, கீறல் விழாமல் சுரண்டி எடுக்கத்தான் நேரம் போனது. புதியதை வைத்து எதிரும் புதிருமாகப் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். "இன்னும் இறுக்கும்" என்றார். இறுக்கினால் காஸ்கட் நசிந்துவிடும் என்று கார்ப் புத்தகத்தில் இருப்பதைக் காட்டினேன், சரியென்று அடுத்த போல்ட்டுக்கு விரல் நீட்டினார்.

அடுத்த நாள் புது ஒயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து, கீழே கார்ட்போர்ட் மட்டை விரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை. மறு சோதனையிலும் தேறிவிட்டது. வரும் வழியில் அப்பா அதிர்வைப் பார்க்கிறவர் போல டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தார். முன்பெல்லாம் ஒரு கார் தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து என்ன பழுது என்று சொல்லுகிற மனுஷன், "பத்மா, என்ஜின் சத்தம் சரியோ?" என்று என்னைக் கேட்டார். ஓம், நல்லாயிருக்கு என்று அவருக்குக் கேட்கும்படி பலமாகச் சொன்னேன்.

இனி போன் எடுத்தால் அப்பாவோடும் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கதை, பிள்ளை. மருமகனையும் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நிறைந்த ஆயுளோடு நன்றாக இருங்கள்.

அன்புடன்,
அம்மா பத்மாவதி