‘கேஸ்’ என்று உன்னை அழைத்தார்கள்

தோழி,

இன்று காலை அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வராந்தாவில் பினாயிலும் சீழும் கலந்த வாடை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உள்ளிருந்து ஒருவர், “இடுப்பு கேஸ் யாரு?” என்று கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைப் புரட்டியது.

நீயும் நானும் ஒரே பள்ளியில் ஆங்கிலம் நடத்தினோம். நீ ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாய். எனக்குப் பாலக்கரையிலிருந்து நடை. சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு சொல்லின் வேரைத் தோண்டாவிட்டால் உனக்குத் தயிர்சாதம் இறங்காது. ‘கேஸ்’ மேல் தனிப் பிரியம். கோர்ட்டில் அது வழக்கு, கண்ணாடிக்கு அது கூடு, இலக்கணத்தில் அதுவே வேற்றுமை என்பாய்.

மார்பில் கட்டி வந்து நீ வார்டில் படுத்த அன்றே உன் பெயர் போயிற்று. ‘பிரெஸ்ட் கேஸ்’ ஆனாய். ரொட்டி கொண்டுவந்தவர்கூட அப்படித்தான் கேட்டார். “வேற்றுமை பேரோடதான்டி ஒட்டும். இங்க பேரையே காணோம்” என்று சிரித்தாய்.

மறுநாள் பெரிய டாக்டர் மாணவர்களோடு வந்தார். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், “இது நல்ல கேஸ், பாருங்க” என்று போர்வையை விலக்கப் போனார். நீ அதை இறுகப் பிடித்துக்கொண்டாய்.

“டாக்டர், அந்த வார்த்தைக்கு லத்தீன்ல ரெண்டு வேர். ஒண்ணு விழறது, இன்னொண்ணு பெட்டி. நான் விழுந்துட்டேன், வாஸ்தவம். பெட்டிக்குள்ள இன்னும் போகலை. பேரைச் சொல்லிக் கேளுங்கோ, காட்டறேன்.”

அவருக்கு உன் பெயர் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. ‘கஷ்டமான கேஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மாணவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாயில் கசப்பு ஊறுகிறது. உன்னை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். கட்டணம்தான் வேறு, சொல் அதேதான். அங்கேதான் நீ கண்ணை மூடினாய்.

போவதற்கு முன்பு ஒருநாள், இவர்களைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று உன்னிடம் புலம்பினேன். “குமட்டட்டும்டி. பழகிட்டாதான் பயம்” என்றாய்.

இன்று எழுந்து நின்று, “அவர் பேர் ஆரோக்கியசாமிங்க” என்றேன். அந்த ஆள் தலையாட்டினார். “சரிம்மா. இடுப்பு கேஸ்தானே? உள்ள கூட்டிட்டு வாங்க.”

வீடு வந்து இரண்டு முறை கை கழுவியும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எனக்கு இன்னும் பழகவில்லையடி.