வள்ளி சறுக்கிய நாள்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
5-1-2004

தம்பி யேசுதாசுக்கு பெருந்தேவியம்மா எழுதுவது. உன்னை எங்கள் வரதரும் உங்கள் ஆண்டவரும் சேர்ந்தே காப்பாற்றட்டும்.

இது நான் போடும் மூன்றாவது கடிதம். ஐந்தாவது வரை படித்த நான் மூன்று எழுதிவிட்டேன். பத்தாவது பாஸ் செய்த நீ ஒன்றுகூட எழுதவில்லை. கிறிஸ்துமசுக்கு வாலாஜாபாத் வந்தாயாமே, உன் அம்மாவே சந்தையில் பார்த்துச் சொன்னார்கள். அங்கே பஸ் ஏறினால் அரைமணியில் என் வீடு. லீவில் இரண்டு பேரும் வந்தால், என் பிள்ளை ராமானுஜுக்கு முன்னால் நீதான் சோற்றுக்கு உட்காருவாய். இப்போது என்ன ஆயிற்று உனக்கு?

இருபத்தாறாம் தேதியோடு என் பிள்ளை போய் ஒரு வருஷம். பத்ரியில் அவன் பேருக்குப் பிண்டம் வைக்க 17ஆம் தேதி ரயில் ஏறுகிறேன். எதிர்வீட்டு வள்ளி துணைக்கு வருகிறாள். அவன் பனியில் சறுக்கின அவுலி மலையும் அந்த வழியில்தான் இருக்கிறதாம்.

ஒரே ஒரு கேள்வி தம்பி. லீவு நாளில் சறுக்கப் போனவன் சிவப்புக் கொடியைத் தாண்டினான், பனி சரிந்து மூடிவிட்டது என்று பட்டாளத்துக் காகிதத்தில் இருந்தது. 'ஆட்டம் காட்டப் போயிருப்பான்' என்று தெருவில் பேசுகிறார்கள். ரோட்டைத் தாண்டுவதற்கே நாலு தரம் பார்க்கிற பிள்ளை அவன். கொடியை ஏன் தாண்டினான்? அன்று நீ கூட இருந்தாய். நீதான் சொல்ல வேண்டும்.

பெருந்தேவி

*

ஜெய்சல்மேர்
15-1-2004

அம்மாவுக்கு,

முதலில் ஒன்று. இப்போது பத்ரிக்குப் போகாதீர்கள். குளிர்காலத்தில் கோயிலை மூடிவிடுவார்கள். சித்திரையில்தான் திறப்பார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் நான்தான் அம்மா. எனக்குச் சறுக்கத் தெரியாது. அன்று அவன் துணி துவைத்துக்கொண்டிருந்தான். "ஒரு தடவை கூட்டிக்கினு போடா" என்று நான்தான் இழுத்துப் போனேன். இரண்டாவது முறை இறங்கும்போது எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கொடியைத் தாண்டிப் போய்விட்டேன். "உக்காருடா தாசு, உக்காரு!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தான். என்னைப் பிடித்துப் பாறைப் பக்கம் தள்ளினான். அப்போது மேலேயிருந்து பனி வந்தது.

விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. பனியே இல்லாத இடம் கேட்டு இந்த மணலுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில், ஐயம்பேட்டையில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

யேசுதாஸ்

*

ஜோஷிமட்
23-1-2004

தம்பிக்கு,

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. குளிரில் பாதி, சந்தோஷத்தில் பாதி. பொறுத்துக்கொள்.

நாங்கள் செய்த கூத்தைக் கேள். தை மாதத்தில் பத்ரி மூடியிருக்குமாம்! காஞ்சியில் எந்தப் பெருமாளாவது குளிருக்குக் கதவைச் சாத்துகிறாரா? எங்களுக்கு எப்படித் தெரியும்? நீ பதில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். பத்ரிப் பெருமாளுக்கு இந்த ஆறு மாதமும் இங்கே நரசிம்மர் கோயிலில்தான் பூஜையாம். சேவித்துக்கொண்டோம். ஊர் திரும்ப பஸ் மறுநாள்தான். கம்பியில் ஓடுகிற தொங்குவண்டியில் ஏறி அவுலிக்குப் போனோம்.

தம்பி, அவ்வளவு வெள்ளையை நான் பார்த்ததே இல்லை! அழுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வண்டியை விட்டு இறங்கினதும் வள்ளி ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "யக்கா, இதுல சக்கரைதான் இல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அங்கே சறுக்குக்கட்டை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பார்த்ததும் என் கால் நமநம என்றது. ராமானுஜ் எழுதின கடிதமெல்லாம் எனக்கு மனப்பாடம். முட்டியை மடக்கு, முன்னால் சாய், காலடியைப் பார்க்காதே. நிறுத்த வேண்டுமென்றால், நாமத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இரண்டு கட்டையின் மூக்கையும் சேர்த்து வாலை விரி. பனியைப் பார்க்காமலே பாதி வாத்தியார் ஆகியிருந்தேன் நான்.

புடவையைச் சுருட்டி உள்ளே செருகி, மேலே அவர்கள் கொடுத்த கால்சட்டையைப் போட்டோம்.

"ஊரு பாத்தா இன்னா சொல்லும்?" என்றாள் வள்ளி.

"ஊரு இங்க எங்கடி கீது? ஏறு."

பூட்ஸ் என்னமோ அம்மிக்கல் கனம். கற்றுக்கொடுக்கிற ஆள் இந்தியில் பேசினார். ஒன்றும் புரியவில்லை. நானே வள்ளிக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாற்பது வருஷம் தறிக்குழியில் மிதித்த கால் இல்லையா, வலது இடது மாற்றி மிதிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பத்தடி போனேன், விழவில்லை! இருபதடி போனேன்! காது ரெண்டும் ஜிவ்வென்றது. "ராமானுஜா, பாருடா" என்று கத்தியேவிட்டேன்.

அப்புறம் வள்ளி கிளம்பினாள். வேகம் கூடிப் போயிற்று.

"யக்கா! நிறுத்தறது எப்பிடி?"

"நாமம் வைடி! நாமம்!"

வைத்தாள். நேராகவே வைத்தாள்! தலைகீழ் என்பதைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். கட்டை இரண்டும் ரெண்டு பக்கம் விரிந்து, பொத்தென்று உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போகிறாள் கீழே! "வரதா, வரதா" என்று கத்தல். "படுத்துக்கடி வள்ளி, படு!" என்று நானும் பின்னால் போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதே. எட்டி அவள் தோளைப் பிடித்தேன். ரெண்டு பேரும் உருண்டு ஒரே குவியலாகக் கிடந்தோம். அவள் பொய்ப்பல் பனியில் விழுந்துவிட்டது. அதைத் தேடிக்கொண்டே சிரிக்கிறாள். எனக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு. ஒரு வருஷத்துக்கு அப்புறம் தம்பி.

அந்த ஆள் கையை ஆட்டிக் கத்திக்கொண்டு ஓடிவந்தார். திரும்பிப் பார்த்தேன். சிவப்புக் கொடி எங்களுக்குப் பின்னால் இருந்தது.

நான் அதைப் பார்க்கவே இல்லை. கொடி நெடுகக் கட்டியிருந்தது. குருடிக்கும் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வள்ளியின் முதுகுதான்.

அந்தப் பனியிலேயே உட்கார்ந்து யோசித்தேன். என் பிள்ளைக்கு முன்னாலும் யாரோ போயிருக்கிறார்கள். ஆட்டம் காட்ட இல்லை அவன் தாண்டினது. போனது யார் என்று இனி நான் கேட்கமாட்டேன். அவர் எங்கேயாவது பிழைத்து நன்றாக இருந்தால் சரி. என் பிள்ளை போனது வீணாகவில்லை.

பல் கிடைத்துவிட்டது. மறுபடியும் மூன்று தடவை சறுக்கினோம்!

பெருந்தேவி

*

பிள்ளையார்பாளையம்
2-2-2004

யேசுதாசு,

வீடு வந்து கதவைத் திறந்தால் உன் கடிதம் கிடந்தது. நின்றபடியே படித்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை, அதை மறைக்கமாட்டேன். மறுநாள் தறியிலும் உட்காரவில்லை.

திட்டி ஒரு வரி கேட்டிருந்தாய். உனக்குப் பதிலை நான் ஜோஷிமட்டிலேயே எழுதிப் போட்டுவிட்டேன். உன் பேர் தெரியாமல் எழுதினது. பேர் தெரிந்த பிறகும் அதில் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன். கடைசிப் பக்கத்தை எடுத்து இன்னொரு தரம் படி.

உன் மேல் இருக்கிற கோபம் வேறு. ஒரு வருஷம் பேசாமல் இருந்தாயே, அதற்கு. ஐயம்பேட்டை வரைக்கும் வந்து திரும்பினாயே, அதற்கு. அதை நேரில்தான் தீர்ப்பேன்.

சித்திரையில் பத்ரி திறக்கிறது. பிண்டம் வைக்க மறுபடி போக வேண்டும். லீவு போட்டுவிட்டு வா, இந்தத் தடவை நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாய். வள்ளியும் வருகிறாள், இப்போதே பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். அப்போது அவுலியில் பனி இருக்காதாமே. நல்லதுதான். நாமத்தை எப்படிக் கவிழ்ப்பது என்று புல்லில் நிற்க வைத்து உனக்குச் சொல்லித்தருகிறேன்.

பஸ்ஸில் கடைசி வரை உட்கார்ந்து வா.

உன் அம்மா,
பெருந்தேவி