அகலப் பட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஆற்றில் பனிக்கட்டி உடைந்து காட்டு வாத்துகள் வந்துவிட்டனவா?

தரையிலும் தண்ணீரிலும் ஓடுமென்று நீங்கள் கொடுத்தனுப்பிய எட்டுச் சக்கர வண்டி சதுப்பில் நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதீர்கள். சக்கரங்களுக்கு மேல் மாட்ட ரப்பர் பட்டை வாங்கியபோது, இந்தப் பழைய வண்டியில் சக்கரங்களைச் சுழற்றும் சங்கிலி அகலப் பட்டையைத் தாங்காது, குறுகியதே போதும் என்று கூட வேலை செய்யும் ஸ்டெல்லா சொன்னாள். பார்க்க மிடுக்காக இருக்குமென்று நான் அகலமானதையே மாட்டினேன். வண்டி ஏரியை நீந்திக் கடந்து கரையேறும்போது சங்கிலி அறுந்தது. வண்டியில் இருந்த நாலு பேரும் இடுப்பளவு சேற்றில் எங்கள் வேலை முகாமுக்கு நடந்தோம்.

"வண்டிக்கு என்னப்பா ஆச்சு?" என்று முகாமில் ஒருவன் கேட்டான்.

"எங்கப்பா சங்கிலிக்கு எண்ணெயே விட்டதில்ல" என்று சொல்லிவிட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா மட்டும், "அவரு இங்க இல்லங்கிற தைரியமாடா உனக்கு?" என்றாள்.

நீங்கள் மாதந்தவறாமல் அதற்கு எண்ணெய் விட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மறுநாள் காலைச் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் மனம் ஆறவில்லை. மன்னித்துவிடுங்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பச் சொல்லுங்கள். புகையில் வாட்டிய வாத்துக்கறி இருந்தால் அதுவும்.

விமானத்துக்குத் தபால் பையைக் கட்டுகிறார்கள். பதிலை அம்மாவிடம் விட்டுவிடாதீர்கள். திட்டி இரண்டு வரியானாலும் நீங்களே எழுதுங்கள்.

உங்கள் மகன்,
லெஸ்டர்