வாங்கியதைக் கழித்தால்

மார்ச் 4

கொசுறுக்கு,

போனில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். ஆனால் கிளினிக்கிலிருந்து உன்னைக் கூப்பிட்டால் பாதிப் பேச்சில் யாராவது குரைத்துவிடுகிறார்கள். மீதியை நீயே ஊகித்துக்கொள்கிறாய். உன் ஊகம் எப்போதும் தப்பு. ஆகவே வழக்கம்போல எழுதுகிறேன்.

போன வாரம் ஒருவர் வந்தார். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் ஷூ. ஊர் ஊராகப் போய் மிருக ஆஸ்பத்திரிகளை வாங்கிச் சேர்க்கும் கம்பெனியின் ஆள். பேசிக்கொண்டிருக்கும்போதே கணக்குப்பிள்ளை கல்லாவுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். ஷூவை மோந்தான். காலைத் தூக்கிவிட்டான். அப்பா அந்த நாய்க்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார், மரியாதையைத் தவிர. வந்தவர் கோபப்படவில்லை. "பரவால்ல டாக்டர், எங்க வேலையில இது வாரத்துக்கு ஒண்ணு" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கிளினிக்கைக் கேட்கிறார்கள். பாதி ரொக்கம். மீதிப் பாதிக்கு அவர்கள் கம்பெனியின் பங்குகள்; ஐந்து வருடம் விற்கக் கூடாது. அப்பா இரண்டு பேர் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும். இந்த மாதிரிக் கம்பெனிகளை எடை போடுவதுதானே உன் பிழைப்பு. நல்லதா, கெட்டதா, சொல்.

சாப்பிடுகிறாயா? போட்டோவில் கழுத்து எலும்பு தெரிகிறது. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பேனா சரியில்லை.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கணக்குப்பிள்ளைக்கு என் சார்பில் ஒரு பிஸ்கட்.

முதலில் அலுவலக விஷயம். என் மேலாளரிடம் சொல்லிவிட்டேன், இவர்கள் என் அக்கா கிளினிக்கைக் கேட்கிறார்கள் என்று. அந்தக் கம்பெனியை என்னிடமிருந்து எடுத்து எதிர் மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அதனால் அலுவலகத்தில் பார்த்த எதுவும் இதில் இல்லை. யாரும் படிக்கக்கூடிய ஆண்டறிக்கைகள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை. சமையலறை மேசை. ஆறிய காபி.

வாங்கி வாங்கி வளரும் கம்பெனிகளிடம் நான் முதலில் செய்வது கழித்தல். இந்த வருடம் வாங்கியது, போன வருடம் வாங்கியது, எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். பழையவை மட்டும் நிற்கும். அவை தாமாக வளர்கின்றனவா? வாங்குவதை நாளைக்கே நிறுத்தினால் மிச்சம் என்ன? இதற்குப் பதில் சொல்லாத அறிக்கை எத்தனை வண்ணப்படம் போட்டாலும் எனக்கு வெறும் காகிதம்.

இரண்டாவது, ஒரு வித்தை. சந்தை இந்தக் கம்பெனிக்கு அதன் ஆண்டு லாபத்தைப் போல முப்பது மடங்கு விலை வைத்திருக்கிறது. உன்னிடம் கேட்பது ஆறு மடங்குக்கு. கையெழுத்தான மறுநாளே உன் லாபமும் அங்கே முப்பது மடங்குக்கு மதிக்கப்படும். ஒரு நாய்க்கும் காய்ச்சல் குறைந்திருக்காது. பங்கு விலை உயரத்தில் இருக்கும்வரை இது நடக்கும். இறங்கினால் அந்தப் பங்கைக் காட்டி எதையும் வாங்க முடியாது. வாங்காவிட்டால் வளர்ச்சி இல்லை. வளர்ச்சி இல்லையென்றால் இன்னும் இறங்கும். உன் விலையில் பாதி அந்தப் பங்கில் இருக்கிறது, அக்கா.

வாங்குகிறவர்கள் எல்லாரும் இப்படி என்று இல்லை. என் சொந்தச் சேமிப்பில் அப்படி இல்லாத ஒரு கம்பெனியின் பங்கு வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒன்று வாங்குவார்கள். சில வருடம் எதுவும் வாங்குவதில்லை. விலை ஏறினால் பேரத்திலிருந்து எழுந்து வந்துவிடுவார்கள். புதுப் பங்கு அச்சடித்துக் கொடுக்காமல் கைக்காசைக் கொடுக்கிறார்கள். கைக்காசு என்றால் எல்லாருக்கும் புத்தி வந்துவிடுகிறது.

எண்கள் முடிந்த பிறகு எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலாளருக்கு அது வேடிக்கை. சில வருடங்களுக்கு முன் வாங்கப்பட்ட இடங்களுக்குப் போன் செய்வேன். பழைய முதலாளி இருக்கிறாரா என்று கேட்பேன். இருந்தால் ஒரு டிக். இல்லையென்றால் ஒரு குறுக்குக் கோடு. வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களா என்று அதில் தெரிந்துவிடும்.

இவர்களுக்கும் அதைச் செய்துவிட்டு எழுதுகிறேன். பேனாவை மாற்று.

கொசுறு


மார்ச் 23

கொசுறுக்கு,

நல்லதா கெட்டதா என்று கேட்டேன். பாடம் நடத்தியிருக்கிறாய். உதவி டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். "உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தாக்கூட இவ்வளவு விசாரிப்பாங்களா மேடம்?" என்றாள். அதனால்தான் இன்னும் ஆகவில்லை என்றேன்.

ஷூக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை செருப்போடு. புத்திசாலி.

இங்கே செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பின் அறையில் மழை ஒழுகுகிறது. பூனைக் கூண்டுகளை முன்னால் நகர்த்தியிருக்கிறோம், காத்திருக்கும் நாய்களெல்லாம் கோயில் வரிசை மாதிரி கூண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தையல் போடும் வேலையை இப்போது பெரும்பாலும் உதவி டாக்டரே பார்க்கிறாள். பழகட்டும்.

சீக்கிரம் எழுது. அவர்கள் மாதக் கடைசி வரைதான் காத்திருப்பார்கள். என்னாலும் அவ்வளவுதான்.

அக்கா

பேனாவை மாற்றிவிட்டேன். எழுத்து மாறவில்லை.


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கழித்துப் பார்த்தேன்.

பழைய கிளினிக்குகளின் வருமானம் கூடியிருக்கிறது. ஆனால் கட்டணத்தை உயர்த்திய அளவுக்குக்கூட இல்லை. அதாவது வரும் மிருகங்கள் குறைந்திருக்கின்றன. ஒவ்வொரு அறிக்கையிலும் "இந்த ஒரு முறை மட்டும்" என்று ஒரு செலவு. எல்லா வருடமும் அந்த ஒரு முறை வருகிறது. லாபம் காகிதத்தில் ஏறுகிறது, கைக்கு வரும் பணம் ஏறவில்லை. கடன் ஏறுகிறது.

கொடுத்த விலைக்கும் வாங்கிய பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை 'நன்மதிப்பு' என்று ஒரு வரியில் எழுதிவைப்பார்கள். கட்டிடம், கூண்டு, கருவி எல்லாம் ஒரு பக்கம். ஜனங்கள் அந்த வாசலுக்கே ஏன் வருகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். இவர்களுடைய சொத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வரிதான். அந்த வரியில் இருக்கும் மனிதர்கள் போய்விட்டால் அங்கே என்ன இருக்கும்?

அதற்குத்தான் போன். முதலில் ஒரு பதிவுக் குரல்: நாய்க்கு ஒன்றை அழுத்தவும், பூனைக்கு இரண்டை அழுத்தவும். பிறகு ஒரு பெண். பழைய டாக்டரா? இல்லையே, அவர் போய் ரொம்ப நாளாச்சே. அடுத்த ஊர். அதே பதில். அடுத்தது. ஒரு டிக்குக்கு நாலு குறுக்குக் கோடு என்று போயிற்று.

நீண்ட நாள் வைத்திருக்க இது ஏற்ற பங்கு இல்லை. ஐந்து வருடம் விற்க முடியாத நிலையில் வைத்திருக்க, இல்லவே இல்லை. உன்னையும் அப்படி ஒரு குறுக்குக் கோடாக என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அது அப்பா கிளினிக். நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

கொசுறு


ஏப்ரல் 1

கொசுறுக்கு,

கம்பெனியை எடை போட்டாய். சரியாகத்தான் இருக்கும். நீ படித்தவள்.

என்னை யார் எடை போட்டது?

ஆறு மாதமாக வலது மணிக்கட்டு நிற்பதில்லை. ஊசியைப் பிடித்தால் நுனி ஆடுகிறது. போன மாதம் ஒரு குட்டி நாய், வயிற்றில் தையல். பாதியில் நிறுத்திவிட்டேன். உதவி டாக்டர் என் கையிலிருந்து வாங்கி முடித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பரிசோதித்துப் பார்த்தாயிற்று. இனி நிற்காது என்கிறார்கள்.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். பேனா மேல் பழியைப் போட்டேன்.

அப்பா கிளினிக் அப்பா கிளினிக் என்கிறாய். வருடத்துக்கு இரண்டு தரம் வருகிறாய். அவர் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரயிலேறிவிடுகிறாய். நான் பன்னிரண்டு வயதிலிருந்து அந்தத் தரையைக் கழுவியவள். நீ அதற்கெல்லாம் பிறகு வந்தவள்தானே.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மடித்து வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். கடைசி வரியை மட்டும் படிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

இதற்கு நடுவில் ஒரு போன் வந்தது. நான் குறுக்குக் கோடு போட்ட டாக்டர்களில் ஒருவர். யாரோ தன்னைக் கேட்டதாக அந்தப் பதிவுக் குரல் கிளினிக்கின் பெண் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லி, என் நம்பரையும் கொடுத்திருக்கிறாள். நான் என் வேலையைச் சொல்லி, உங்களை எப்போது வெளியே அனுப்பினார்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

"யாரும்மா என்னைத் துரத்தினாங்க? போகணும்னுதானே வித்தேன். முப்பது வருஷமா பூனை பிறாண்டின கை. இப்ப ரோஜாச் செடி பிறாண்டுது."

பங்குகள் என்ன ஆயின என்று கேட்டேன்.

"அதைக் கேக்காதீங்க. பாதிக்கு வந்துடுச்சு. முழுக்க ரொக்கமா வாங்கியிருக்கணும், அப்ப சொல்ல ஆளில்ல. ஆனா தூக்கம் முழுசா வருது."

இத்தனை வருடமாக நான் போட்ட குறுக்குக் கோடுகளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விட்டுப் போனவர் என்றால் விரட்டப்பட்டவர். அப்படித்தான் எழுதினேன். களைத்தவர்களுக்கு ஒரு குறி வைத்துக்கொள்ளத் தோன்றவேயில்லை. நீ கேட்டதும் அந்தக் கம்பெனியைப் பற்றி இல்லை. நான் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். நான் ஆண்டறிக்கையைத் திறந்துவிட்டேன்.

நான் பிறகு வந்தவள். உண்மைதான். அம்மா உன் அப்பாவை மணந்துகொண்டு அந்த வீட்டுக்கு வந்த அன்று எனக்கு ஏழு வயது. எல்லாரும் என்னிடம் அன்பாக இருப்பதற்குக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நீ ஒருத்திதான் கஷ்டப்படவில்லை. கிளினிக்குக்குக் கூட்டிப்போனாய். கையில் டார்ச்சைக் கொடுத்து ஒரு நாயின் காதுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாய். கை ஆட்டாதே என்றாய். யாரு இது என்று நாய்க்காரர் கேட்டதற்கு, "அம்மாவை வாங்கினோம், இவ கொசுறு" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் என் முதல் சிரிப்பு.

கையெழுத்துப் போட்ட காகிதம் உள்ளே இருக்கிறது. நிபந்தனை எதுவும் இல்லை. விலை, தேதி எல்லாம் காலியாக விட்டிருக்கிறேன், நீ நிரப்பிக்கொள். அவர்களுக்கே கொடு, வேறு யாருக்காவது கொடு, கிழித்துப் போடு.

தங்கையாக ஒன்று மட்டும். பங்கு வேண்டாம். குறைத்துக் கொடுத்தாலும் ரொக்கம்.

கொசுறு


மே 6

என் கொசுறுக்கு,

கொடுத்துவிட்டேன்.

மாதக் கடைசி தாண்டியும் அவர்கள் காத்திருந்தார்கள். ஷூக்காரரை உட்காரவைத்து உன் கேள்வியைக் கேட்டேன். வாங்குவதை நாளைக்கு நிறுத்தினால் உங்கள் கம்பெனி எவ்வளவு வளரும்? டீயைக் கீழே வைத்தார். பிறகு, "நல்ல கேள்வி டாக்டர். எனக்கும் சம்பளத்துல பாதி பங்காத்தான் தர்றாங்க" என்றார். பாவமாக இருந்தது. வெளியே போய் நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார். முழுக்க ரொக்கம், விலையில் கால்வாசி குறைவு. சரி என்றேன். உதவி டாக்டர் தொடர்ந்து இருப்பாள். அவளுக்கு நல்ல கை. பெயர்ப்பலகையை மாற்றுவார்கள். மாற்றட்டும். கழற்றும்போது நான் அங்கே இருக்கமாட்டேன், அவ்வளவுதான்.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து ஒவ்வொரு பொருளாகக் குறித்துக்கொண்டாள். தராசு, விளக்கு, கூண்டுகள், அப்பாவின் நாற்காலி. கல்லாவுக்குக் கீழே குனிந்தாள். கணக்குப்பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். "இது எந்த வகையில வரும் மேடம்?" என்று கேட்டாள். எந்த வகையிலும் வராது, அவன் கொசுறு என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டு ஜலதோஷம் என்றேன்.

அந்தக் கடைசி வரியை எழுதியது மணிக்கட்டு இல்லை. நான்தான். நீ திரும்பத் திரும்பப் படித்திருப்பாய் என்று தெரியும். சின்ன வயதிலும் காயத்தை நோண்டிக்கொண்டேதான் இருப்பாய். கட்டுப் போட்டுப் போட்டு அலுத்துப்போயிற்று எனக்கு. இதற்கும் நானே போட வேண்டும். வா.

விலை பேச முடிந்ததையெல்லாம் விற்றுவிட்டேன். கொசுறாக வந்த இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. ஒன்று இப்போது என் கால்மாட்டில் குறட்டை விடுகிறது.

இன்னும் சில வருடம் கழித்து, உன் வழக்கப்படி நம் கிளினிக்குக்குப் போன் செய்து பழைய டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுவைக்காதே. வீட்டுக்குச் செய். இன்றைக்கே செய். இங்கே குரைக்க ஒருவன்தான் மிச்சம், அவனுக்கும் போன் மணி கேட்பதில்லை.

அக்கா