முகம் கேட்கிறார்கள்

குற்றாலம்
12.6.2025

அன்புள்ள தம்பி முத்துச்செல்வத்துக்கு,

இங்கே நலம். நீயும் உன் மனைவி முத்துவடிவும் ஷார்ஜாவில் நலமாக இருப்பீர்கள். நண்பர்களிடம் திரட்டி நீ அனுப்பிய பணம் வந்தது. காப்பகத்துக்கு அரிசி வாங்கிவிட்டோம். பாஹிமா டீச்சருக்குச் சம்பளமும் கொடுத்தாயிற்று.

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. அகதி முகாமிலிருந்தும் ஊரிலிருந்தும் அம்மாக்கள் விடியுமுன் லாட்ஜ் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் எல்லாம் நம்மிடம். முகாம் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால்தான் தருவேன் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். இங்கே உலை ஒன்றுதான். அவரிடம் சொல்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படமும் கேட்டிருக்கிறாய். தர முடியாது. டிலக்சியை உனக்குத் தெரியும். கையில் சூட்டுத் தழும்போடு வந்த முகாம் பிள்ளை. சூடு வைத்த அப்பன் வேறு மாவட்டத்தில் இருந்துகொண்டு தாயையும் மகளையும் இன்னும் தேடுகிறான். அதற்காகத்தான் நம் வாசலில் பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை. உன்னைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், என்னை அனுப்பவில்லை. நீ மூலையில் எறிந்த புத்தகத்தில் எழுத்துக் கற்றவள் நான். எனக்குப் புரிவது உனக்குப் புரியாதா?

உன் அக்கா
வடிவம்மாள்


ஷார்ஜா
30.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. சாப்பாட்டுத் தட்டைப் படமெடுத்துக் காட்டினால், "எவன் வீட்டுக் கல்யாணச் சோறுலே இது?" என்று கேலி செய்கிறார்கள். முகம் கேட்கிறார்கள். மே மாதம் முத்துவடிவு அங்கே வந்தபோது எடுத்த படம் ஒன்று இருந்தது. எதிர் லாட்ஜ் பலகைக்கு முன்னால் டிலக்சி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தழும்பு தெரியவில்லை. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாலைக்குள் காப்பகத்தின் ஒரு வருஷ வாடகை சேர்ந்துவிட்டது.

தெரிந்தவர்கள் குழுதான், அக்கா. வேறு யார் பார்க்கப்போகிறார்கள்?

அன்புத் தம்பி
முத்துச்செல்வம்


குற்றாலம்
21.7.2025

தம்பிக்கு,

நேற்று பிள்ளைகளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனோம். சரியான கூட்டம். டிலக்சி டீச்சரின் கையிலிருந்து நழுவிவிட்டாள். காணாமல்போகும் பிள்ளைகளை உட்காரவைக்கும் பந்தலிலிருந்து மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் ஒருவன் வந்து அழைத்துப் போய்விட்டான்.

பந்தலில் தொண்டு செய்துகொண்டிருந்தவர் பெயர் நாறும்பூநாதன்.

"நான் என்ன செய்ய ஆச்சி? அப்பான்னு சொல்லுதாரு. போன்ல பிள்ளை படத்தக் காட்டுதாரு. பிள்ளைட்டயும் கேட்டேன், ஆமான்னு தலையாட்டுது. வேற என்னத்தக் கேக்க?"

"என்ன படம்யா?"

"லாட்ஜ் போர்டு முன்னால சிரிச்சிக்கிட்டு நிக்குத படம்."

புகார் கொடுத்திருக்கிறோம். தேடுகிறார்கள். அவள் அம்மா காப்பகத்து வாசலில் இருக்கிறாள். எழுந்திரு என்றால் எழுந்திருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. உலை வைக்கிறேன், வடிக்கிறேன்.

அக்கா


ஷார்ஜா
2.8.2025

அக்கா,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். படத்தை அழித்துவிட்டேன். குழுவையும் கலைத்துவிட்டேன். குழுவில் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறார். அப்படித்தான் அவன் கைக்குப் போயிருக்கிறது. லாட்ஜ் பலகையில் ஊரும் தெரிந்திருக்கிறது. நீ சொன்னதைக் கேட்கவில்லை. இனிமேல் யாரிடமும் பணம் கேட்க எனக்கு வாய் வராது.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். அதற்குள் நாலு வரி திட்டியாவது எழுது, அக்கா.

முத்து


குற்றாலம்
19.8.2025

திரு. முத்துச்செல்வம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டிலக்சி பற்றித் தகவல் இல்லை. அவள் தாய் மறுபடியும் லாட்ஜ் வேலைக்குப் போகிறாள். டிலக்சியின் தட்டில் இப்போது, அருவிக்குக் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் மாடக்கண்ணுவின் மகள் சாப்பிடுகிறாள்.

நீங்கள் குழுவைக் கலைத்தது சரியல்ல. மற்றப் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். முகம் கேட்காதவர்களாகப் பார்த்துக் கேளுங்கள். கிடைப்பதை அனுப்புங்கள். பாஹிமா டீச்சர் ரசீது அனுப்புவார்.

நன்கொடை கொடுப்பவர்கள், திரட்டுபவர்கள் யாரும் இனிக் காப்பகத்துக்குள் வருவதற்கில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நான் தங்கியிருப்பதும் காப்பகத்தில்தான். ஆகவே இதற்காக நீங்கள் ஊருக்கு வர வேண்டியதில்லை.

இங்ஙனம்
வடிவம்மாள்
பொறுப்பாளர்