துள்ளும் வயிறு

செவ்வாய், இரவு.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஓசூர் கம்பெனி கேன்டீனில் சட்டையைத் தூக்கி, துள்ளும் வயிற்றை வித்தையாகக் காட்டிக் கைத்தட்டல் வாங்கியவன் நான். இன்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொல்கிறார்: உள்ளே பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதாம், அதுதான் துள்ளுகிறதாம். வெடித்தால் ஆள் காலி.

"வீக்கம் சுருங்க மாத்திரை குடுங்க டாக்டர்."

"அப்படி மருந்து இன்னும் வரலைங்க. எந்தப் புரதம் குழாய்ச் சுவரை அரிக்குதுன்னு நோயாளிங்க ரத்தத்துல ஆராய்ச்சிக்காரங்க தேடிட்டிருக்காங்க. சிக்கினா அதை அடக்க மருந்து செய்யலாம்."

"அதுவரைக்கும்?"

"அப்பப்ப ஸ்கேன் பாத்துக்கலாம்."

எரிச்சல் தாங்கவில்லை. கம்பெனியில் எங்கள் உற்பத்தி லைன் கொஞ்சம் நின்றாலே மேனேஜர் குதறுகிறார். இவர்களை யார் குதறுவது? "தேடுறவங்க தூங்குறாங்களா?" என்று கத்தினேன்.

"மெதுவா கத்துங்க, வெடிச்சிடப் போவுது" என்றாள் கூட வந்திருந்த மனைவி. அவள்மேலும் கோபம்.

அந்தத் தேடலுக்குத்தான் நர்ஸ் என்னிடமும் கொஞ்சம் ரத்தம் கேட்டாள். ஊசியைப் பார்த்ததும் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நழுவிவிட்டேன். நாங்கள் போயிருந்தது என் பைக்கில்.